அனுப்பியாச்சு சரி, போய்ச் சேர்ந்ததா?

வண்ணார்பேட்டையில் ஏஜென்சி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் காலை ஏழு மணிக்கே போன் போட்டார். பம்ப், வால்வு, பைப் ஃபிட்டிங்ஸ் என்று மூன்று கம்பெனிச் சரக்கை எடுத்து, கங்கைகொண்டான் சிப்காட் முதல் வள்ளியூர் வரைக்கும் சப்ளை பண்ணுகிறவர். "தம்பி, கொட்டேஷன் மூணு தடவ அனுப்பிட்டேன். வரவே இல்லைங்கான் அந்தப் பர்ச்சேஸ்காரன். சென்ட்ல கெடக்கு, நீயே வந்து பாரு. நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

அவர் பொய் சொல்லவில்லை, பர்ச்சேஸ்காரரும் பொய் சொல்லவில்லை. சென்ட் ஃபோல்டரில் கிடக்கிறது என்றால் சரக்கு நம் கடையை விட்டுக் கிளம்பிவிட்டது என்பது மட்டும்தான் உறுதி. எதிர் சர்வர் அதை வாங்கி வைத்துக்கொண்டபிறகு, இன்பாக்ஸில் போடுவதா ஸ்பேமில் தள்ளுவதா என்று அதுவே முடிவு செய்யும். பெரிய கம்பெனிகளில் இன்னொரு கூத்தும் உண்டு. சந்தேகப்பட்ட மெயிலைத் தனியாகப் பிடித்து வைத்துவிடுவார்கள், பல இடங்களில் ஐ.டி. ஆள் போய்த் திறந்து பார்த்தால்தான் உண்டு. பர்ச்சேஸ் சீட்டில் இருப்பவருக்கு அப்படி ஒரு மெயில் வந்த விஷயமே தெரியாது. நமக்கும் எந்தத் தகவலும் திரும்பி வராது.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சின்ன ஏஜென்சிகளுக்கு டொமைன் (மெயில் ஐடியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்), மெயில் போட்டுக் கொடுப்பதுதான் என் சோலி. இந்த மாதிரி போன் வருகிறபோதெல்லாம் ஆட்கள் சொல்வது "நெட் பிரச்சினை" என்று. நெட் நன்றாகத்தான் இருக்கும், சந்தேகம் விழுந்திருப்பது உங்கள் டொமைனின் நாணயத்தில். கடன் கொடுக்கும்போது கடைத்தெருவில் விசாரிக்கிறோமே, அந்த நாணயம்.

ஏன் இப்படி ஆனது என்றால், இன்றைக்கும் மெயிலைச் சுமந்து போகும் எஸ்.எம்.டி.பி. என்ற முறை 1982-இல் எழுதப்பட்டது. ஒருவரை ஒருவர் தெரிந்த கொஞ்சம் பேர் பயன்படுத்திய காலம், அதனால் அனுப்புகிறவர் யார் என்று சோதிக்க அதில் வழியே வைக்கவில்லை. உங்கள் கடைப் பெயரை ஃப்ரம் இடத்தில் போட்டு நான் இங்கிருந்தே மெயில் விடலாம், அந்த முறை தடுக்காது. தடுப்பதற்காகப் பிற்பாடு ஒட்டுப் போட்டு வந்தவைதான் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும்.

சிப்காட் கேட்டில் சரக்கு வண்டியோடு நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். எஸ்.பி.எஃப். என்பது செக்யூரிட்டியிடம் நீங்கள் கொடுத்து வைக்கும் வண்டி நம்பர் லிஸ்ட்: என் பெயரில் சரக்கு கொண்டு வர இந்த வண்டிகளுக்கு மட்டும் அனுமதி. டிகிம் என்பது பெட்டி மேல் நீங்கள் வைத்து அனுப்பும் சீல், வழியில் யாராவது பிரித்துக் கை வைத்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். டிமார்க் என்பது, பில்லில் இருக்கிற கடைப் பெயரோடு வண்டியும் ஒத்துப் போகவில்லை சீலும் ஒத்துப் போகவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் உத்தரவு, சும்மா விடு, ஓரமாக நிறுத்து, திருப்பி அனுப்பு என்று மூன்றில் ஒன்று. மூன்றையும் டொமைன் வாங்கிய இடத்தில் டி.என்.எஸ். பக்கத்தில் எழுத வேண்டும், உங்கள் டொமைனைப் பற்றி எந்த சர்வரும் வந்து படித்துப் பார்க்கிற அறிவிப்புப் பலகை அது. எஸ்.பி.எஃப்.புக்கும் டிமார்க்குக்கும் ஆளுக்கு ஒரு வரிதான், டிகிம் சீலைச் சரிபார்க்கும் சாவி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். செலவு ஒன்றும் கிடையாது.

அண்ணாச்சியின் டொமைனைத் திறந்து பார்த்தேன். முதலில் வெப்சைட் போட்டவர் மலிவான ஹோஸ்டிங்கில் மெயிலையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். பிறகு மெயிலை மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு (கம்பெனிகளுக்கென்று கூகுள் காசுக்குத் தரும் மெயில்) மாற்றியிருக்கிறார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் இன்வாய்ஸை அனுப்புவது மூன்றாவதாக ஒரு சர்வரிலிருந்து. ஆக மூன்று வண்டி ஓடுகிறது, லிஸ்டில் முதலில் இருந்தது பழைய வண்டி ஒன்றுதான். இடையில் யாரோ திருத்தப் போய், பழைய வரியை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொரு எஸ்.பி.எஃப். வரியையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் பிழை என்று கணக்கு, இரண்டுமே செல்லாது. (இதே தப்பை நானே ஆரம்பத்தில் திசையன்விளைக் கடை ஒன்றுக்குச் செய்திருக்கிறேன். கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது, கடைக்காரர் நல்ல மனிதர்.) ஒரே வரியில் எல்லா வண்டியையும் எழுதினாலும் ஓர் அளவு உண்டு, அந்த வரியைச் சரிபார்க்க டி.என்.எஸ்.ஸில் 10 தடவைக்கு மேல் தேட வேண்டி வந்தால் அதுவும் பிழைதான்.

இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் சரி பண்ணிவிடலாம். பெரிய வினை வேறு இடத்தில் இருந்தது.

அண்ணாச்சியின் மருமகன் பொங்கலுக்கு முன்னால் "தென் மாவட்ட இன்டஸ்ட்ரி டேட்டா" என்று யாரிடமோ இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு எக்செல் ஷீட் வாங்கியிருக்கிறார். நாற்பதாயிரம் மெயில் ஐடி. அத்தனைக்கும் பொங்கல் ஆஃபர், விலைப் பட்டியல் முழுவதும் ஒரே படமாக, கடையின் அதே டொமைனிலிருந்து. வொர்க்ஸ்பேஸில் ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு 2,000 என்று வரம்பு இருப்பதால் நாள் நாளாகப் பிரித்துப் பிரித்து அனுப்பியிருக்கிறார். உழைப்பாளிதான், அதில் குறை சொல்வதற்கில்லை.

அந்த மாதிரி ஷீட்டில் பாதி செத்துப்போன ஐடியாக இருக்கும். செத்த ஐடிக்கு அனுப்பி அனுப்பி மெயில் திரும்பினால், இவன் தெரியாத ஆட்களுக்கு அள்ளி வீசுகிறான் என்று எதிர் சர்வர் குறித்துக்கொள்ளும். நடுவே பொறி ஐடிகளும் இருக்கும். யாருமே பயன்படுத்தாமல், இப்படி அள்ளி வீசுகிறவர்களைப் பிடிக்கவென்றே வைத்திருப்பவை அவை. மிச்சம் உள்ள உயிருள்ள மனிதர்கள், யாரடா இவன் என்று ஸ்பேம் பட்டனை அமுக்குவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் வைத்திருக்கும் விதிப்படி அந்த அமுக்கல் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர்! நம் ஊரில் ஒரு டீக்கடை பெஞ்சிலேயே மூன்று பேர் தேறிவிடுவார்கள். தனிப்பட்ட ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரு நாளில் 5,000 தாண்டி அனுப்புகிறவர்களுக்கு இன்னும் கெடுபிடி: எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும், "இனி வேண்டாம்" என்று ஒரே அமுக்கில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். யாஹூவும் அதே சமயத்தில் இதே வழிக்கு வந்தது.

ஆஃபர் மெயில் கெடுத்த பெயரில்தான் கொட்டேஷனும் போக வேண்டியிருக்கிறது. மருமகன் பண்ணிய கடனுக்கு மாமனார் வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி.

அதனால் ஷீட்டை முதலில் டெலீட் பண்ணச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், காசு கொடுத்து வாங்கியதாம். கேட்டு வாங்கினவர்கள், விசிட்டிங் கார்டு கொடுத்துப் பேசினவர்கள், பில் போட்டவர்கள் என்று எடுத்தால் அறுநூறு பேர் தேறினார்கள். அவர்களுக்கு மட்டும் ஆஃபர், அதையும் தனி சப்டொமைனில் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் ஒட்டிய கிளைப் பெயர்) இருந்து. கொட்டேஷனும் இன்வாய்ஸும் பழைய டொமைனிலேயே, முதல் சில வாரம் அடிக்கடி பதில் போடுகிற பழைய வாடிக்கைகளுக்கு மட்டும். போன பெயர் நாலு நாளில் திரும்பாது, இதை எந்த அண்ணாச்சிக்கும் புரிய வைப்பதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான பகுதி.

நீங்களே பார்க்க வேண்டுமா? உங்கள் கடை ஐடியிலிருந்து சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போடுங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி "ஷோ ஒரிஜினல்" கொடுங்கள். மூன்றுக்கும் நேராக பாஸ் என்று இருந்தால் சரி. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்தும் ஒன்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.

அப்புறம் இந்தக் கடைப் பெயரோடு 123 சேர்த்த இலவச ஜிமெயில் ஐடி. சிலபேர் அதிலேயே நாற்பது வருஷக் கடையை ஓட்டுகிறார்கள். மெயில் போய்ச் சேரத்தான் செய்யும். ஆனால் அதே பெயரோடு 124 சேர்த்து நாளைக்கு எவனும் ஒரு ஐடி திறக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு ஏஜென்சிக்கு இப்படித்தான் நடந்தது, பேர் வேண்டாம். ஒரு எழுத்து மாற்றிய ஐடியிலிருந்து வாடிக்கையாளருக்கு "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது" என்று மெயில் போயிருக்கிறது, கீழே ஒரிஜினல் பில்லும் சேர்த்து. பணம் போய்விட்டது, இருபது வருஷப் பழக்கமும் போய்விட்டது. இப்படி எழுத்து மாற்றி வருவதை டிமார்க் தடுக்காது, அது உங்கள் சொந்த டொமைனுக்குத்தான் காவல். அக்கவுன்ட் மாற்றம் என்று எது வந்தாலும் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டபிறகே பணம் என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன், பேங்குக்கும் தகவல்.

டிமார்க்கை அண்ணாச்சிக்கு "சும்மா விடு" என்ற நிலையில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். அதில் வருகிற ரிப்போர்ட்டைப் பார்த்து, மறந்து போன வண்டி எதுவும் இல்லை என்று உறுதியானபிறகுதான் இறுக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே "திருப்பி அனுப்பு" போட்டால் சொந்தச் சரக்கே கேட்டில் நின்றுவிடும்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் காலை ஏழு மணிக்குப் போன். "தம்பி, மெயில் போய்ச் சேர்ந்துட்டு. பதிலும் போட்டுட்டான்."

"நல்லதா போச்சு அண்ணாச்சி. என்ன போட்டிருக்காரு?"

"ரேட்டு கூடவாம்."