அத்தனை விறகும் எங்கே போகிறது?

கருப்பட்டிக்கு ஏன் இந்த விலை என்று நாகர்கோவில் பக்கம் கேட்டுப்பாருங்கள். பனையேற ஆளில்லை என்பார்கள், விறகு கட்டுப்படியாகவில்லை என்பார்கள். ஆள் விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது. விறகு விஷயத்தில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

10 லிட்டர் அக்கானியை (பிற ஊர்க்காரர்களுக்குப் பதநீர்) அடுப்பில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதில் சர்க்கரை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இருந்தால் அதிகம், மற்றதெல்லாம் தண்ணீர்தான். ஒன்றேகால் கிலோ கருப்பட்டி தேற வேண்டுமானால் ஏறக்குறைய 9 கிலோ தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்ற வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் அக்கானியைக் கொதிக்கவைக்க 3,000 கிலோஜூல் போதும். கொதித்த பிறகு அந்தத் தண்ணீரைப் போக்கத்தான் 20,000 கிலோஜூல்! இந்த இரண்டாவது செலவு வெப்பமானியில் தெரியவே தெரியாது. எவ்வளவு எரித்தாலும் அது நெடுநேரம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

இப்படிக் கண்ணில் படாமல் போகும் வெப்பத்தை 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். பாடப்புத்தகம் இதை உள்ளுறை வெப்பம் என்கிறது. திரவத்தில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஆவியாக வேண்டுமென்றால் அந்தப் பிடி விடுபட வேண்டும். அடுப்புத் தரும் வெப்பம் அதற்கே செலவாகிவிடுவதால் சூடு ஏறுவதில்லை. தீயைக் கூட்டினால் அக்கானி சீக்கிரம் வற்றும், பொங்கி வழியும். ஆனால் கூடுதலாகச் சுடாது.

காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15,000 கிலோஜூல் தரும். காகிதக் கணக்கில் ஒன்றரை கிலோ விறகு போதும். திறந்த அடுப்பிலோ ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் பானைக்குள் போனாலே பெரிய காரியம். ஆக, எட்டு கிலோ, பத்து கிலோ என்று விறகு போகிறது. அடுப்பைத் திருத்திக் கட்டுவதுதான் இதில் உண்மையான மிச்சம் என்பது என் எண்ணம். தண்ணீர் கேட்கும் 20,000-ஐ யாராலும் குறைக்க முடியாது.

வேடிக்கை கடைசியில்தான். தண்ணீர் குறையக் குறையக் கரைசலின் கொதிநிலை மெல்ல ஏறும். பாகு கூப்பனியாக (கெட்டிப் பாகாக) இறுகி, பதம் வரும்போது 118, 120 டிகிரியைத் தொட்டிருக்கும். அதுவரை தீயின் வேகத்தை வாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது இல்லை. வருகிற வெப்பமெல்லாம் சூடாகவே ஏறும். கொஞ்சம் அசந்தால் பாகு கருகிவிடும். காய்ச்சுகிற அக்காமார் அந்த நேரத்தில் எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் இறக்கிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான்.

குமரி மாவட்டத்துப் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலும் நடப்பது இதே வேலைதான், விறகில்லாமல். ஒரு கிலோ உப்புக்கு முப்பது லிட்டருக்கு மேல் கடல்நீர் வற்ற வேண்டும். கொதிக்காமல் 30 டிகிரியில் ஆவியாகும் தண்ணீருக்குக் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 2,430 கிலோஜூல் வேண்டும். அதை வெயில் கொடுக்கிறது. எழும் ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இல்லையென்றால் ஈரக்காற்று பாத்தியின் மேலேயே தேங்கி வற்றுவது மந்தமாகும்.

ஆவிக்குள் போன வெப்பம் அழிந்துவிடவில்லை. மேலே போய்க் குளிர்ந்து மேகத்துளியாகும்போது, வாங்கியதை அப்படியே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். சூடான காற்று இன்னும் மேலே ஏறும், கீழே அழுத்தம் குறையும், சுற்றிலுமிருந்து ஈரக்காற்று பாய்ந்து வரும். புயலுக்குத் தீனி இதுதான். 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலில் வலுத்த ஒக்கிக்கும் வெதுவெதுப்பான கடலிலிருந்து கிளம்பிய ஆவிதான் எரிபொருள். அரபிக்கடலில் வடக்கே போகப் போகக் கடல் குளிர்ந்தது, உயரத்தில் வேறு திசையிலிருந்து காற்றும் அடித்தது. டிசம்பர் முதல் வாரத்தில் குஜராத் கரையைத் தொட்டபோது அது புயலாக இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி.