அழகு அறுவை சிகிச்சை: ஆலோசனை முடிந்து எத்தனை நாளில் தேதி குறிக்கலாம்?

மூக்கைச் சரிசெய்யவோ வயிற்றுத் தொங்கலை எடுக்கவோ டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தவர்கள் அடுத்துக் கேட்பது, "எப்போ பண்ணிக்கலாம்?" என்பதுதான். அடுத்த வாரமே தேதி இருக்கிறது, முன்பணம் கட்டினால் உறுதி என்று பதில் வரலாம். ஆனால் பல நாடுகளில் அப்படி உடனே செய்ய விதி இடம் தருவதில்லை. ஆலோசனைக்கும் கத்தி வைப்பதற்கும் நடுவில் யோசிக்க என்று கட்டாயமாகச் சில நாள் விட வேண்டும்.

அந்த விதிகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நாள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அந்த நாட்களுக்குள் பணம் வாங்கலாமா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விதி உங்களுக்கு என்ன பாதுகாப்புத் தருகிறது என்று புரியும்.

இதில் பிரான்ஸின் விதி மிகத் தெளிவானது. 2002-ஆம் ஆண்டு நோயாளர் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் 2005-இல் வந்த ஆணைப்படி, குறைந்தது 15 நாள் காத்திருக்க வேண்டும். டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து இதை எண்ணுவதில்லை. என்ன அறுவை, எவ்வளவு செலவு என்று விவரமாக எழுதி, தேதி போட்டு, அறுவை செய்யப்போகும் மருத்துவரே கையெழுத்திட்ட செலவு மதிப்பீடு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். முதல் தேதி பேசிவிட்டு, பத்தாம் தேதி அந்தக் காகிதம் வந்தால், பத்திலிருந்துதான் 15 நாள். "எனக்குச் சம்மதம், சீக்கிரம் செய்யுங்கள்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் குறைக்க முடியாது. அதுவரை பரிசோதனைக் கட்டணம் தவிர வேறு எந்தப் பணமும், எந்த உறுதிமொழியும் வாங்கக் கூடாது. முன்பணம் கட்டியவருக்கு மனம் மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்து எழுதப்பட்ட விதி இது.

ஆஸ்திரேலியாவில் மருத்துவ வாரியத்தின் வழிகாட்டுதல்கள் 2023 ஜூலை 1 முதல் இன்னும் இறுக்கமாகிவிட்டன. முதலில் உங்கள் பொதுமருத்துவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். அப்புறம் அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு ஆலோசனைகள். அதில் ஒன்றாவது, அறுவை செய்யும் மருத்துவரை நேரில் பார்த்துப் பேசுவதாக இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே ஒப்புதல் படிவத்தை நீட்டக் கூடாது. இரண்டு சந்திப்பும் முடிந்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏழு நாள் கணக்கு ஆரம்பிக்கும்.

தேதி போட்டுப் பார்ப்போம். 2-ஆம் தேதி முதல் சந்திப்பு, 12-ஆம் தேதி இரண்டாவது சந்திப்பு, அன்றே கையெழுத்து. 19-ஆம் தேதி வரை அறுவைக்கு நாள் குறிக்கவும் கூடாது, முன்பணம் வாங்கவும் கூடாது. அதாவது ஏழு நாள் முடிந்தால் கிடைப்பது தேதி குறிக்கும் உரிமை மட்டுமே. உண்மையான அறுவை அதற்குப் பிறகு எப்போதோதான். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெரிய அறுவை என்றால் காத்திருப்பு மூன்று மாதம்.

சுவீடனில் 2021 ஜூலை 1 முதல் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அறுவைக்குக் குறைந்தது ஏழு நாள், சுருக்கத்தை நிரப்பப் போடும் ஃபில்லர் மாதிரி ஊசிக்கு இரண்டு நாள். 18 வயதுக்குக் கீழே செய்யவே கூடாது.

பிரிட்டன் வேறு வழியில் போகிறது. அங்கே நாள் கணக்கைச் சட்டம் சொல்வதில்லை. அறுவை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2016-இல் வெளியிட்ட தொழில்முறைத் தரங்கள் குறைந்தது இரண்டு வாரம் என்கின்றன. அதே ஆண்டு, மருத்துவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் பொது மருத்துவக் கவுன்சிலும் தன் வழிகாட்டுதலை வெளியிட்டது. அறுவை செய்பவரே நோயாளியிடம் பேசி ஒப்புதல் வாங்க வேண்டும், அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் தள்ளக் கூடாது என்கிறது அது. அவசர முடிவு எடுக்கத் தூண்டும் விளம்பர உத்திகளுக்கும் தடை. பிஐபி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மார்பக உள்வைப்புகளில் மருத்துவத் தரமில்லாத சிலிக்கான் நிரப்பியிருந்தது 2010-இல் வெளிவந்து, பல நாடுகளில் பெண்கள் பாதிக்கப்பட்ட பிறகு பிரிட்டனில் இந்தத் துறையை அரசு இன்னும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தது.

இந்த விதிகள் எல்லாம் தோற்றத்துக்காகச் செய்யும் அறுவைக்கு மட்டும். தீக்காயத் தழும்பு, பிளவுபட்ட உதடு, புற்றுநோய்க்குப் பின் மார்பக மறுசீரமைப்பு போன்றவை வேறு கணக்கு.

விதியில் உள்ள நாள் குறைந்தபட்சம்தான். உங்கள் உடம்பு அதைவிட அதிகம் கேட்கலாம். புகைபிடிப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். முகத் தோலை இழுத்துத் தைக்கும்போதும் வயிற்றுத் தோலைத் தூக்கி எடுக்கும்போதும், ஏற்கெனவே குறைந்த ரத்தத்தில் பிழைக்க வேண்டிய தோல் அப்படியே கருகிப்போகலாம். அதனால்தான் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் இ-சிகரெட்டும் இதில் சேரும். சிலர் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே பார்ப்பார்கள்.

ரத்தத்தை இளக்கும் மருந்து, ஆஸ்பிரின், மூலிகை மாத்திரை எதுவானாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை குறைக்கும் ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், தாய்ப்பால் நிறுத்திச் சில மாதம்கூட ஆகவில்லை என்றால், மார்பு, வயிற்று அறுவைகளைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

வெளிநாட்டுக்குப் போய் அறுவை செய்துகொள்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வீடியோவில் ஒரு உதவியாளரோடு பேசி, பணம் கட்டி, டிக்கெட் போட்டு, போய் இறங்கிய மறுநாளே அறுவை. டாக்டரை முதன்முறை பார்ப்பதே மேசைக்குப் போகும் காலையில்தான். வேண்டாம் என்று சொல்ல அப்போது யாருக்குத் தைரியம் வரும்? போவதென்று முடிவெடுத்தால், அறுவை செய்பவரிடமே முன்கூட்டிப் பேச வேண்டும் என்று கேளுங்கள். செலவு மதிப்பீட்டையும் ஒப்புதல் படிவத்தையும் எழுத்தில் வாங்கி, பணம் கட்டும் முன் குறைந்தது இரண்டு வாரம் கையில் வைத்துப் படியுங்கள். தழும்பு எங்கே வரும், இரண்டாவது அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது, ரத்துசெய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்ற மூன்றுக்கும் அந்தக் காகிதத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காத்திருப்புக் காலம் முடிந்து, கையெழுத்தும் போட்டு, தேதியும் குறித்த பிறகுகூட ஒப்புதலைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மயக்க ஊசி போடும் நிமிடம் வரை அந்த உரிமை உங்களுடையதுதான். பணம் முழுதாகத் திரும்புமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் கட்டிவிட்டீர்கள் என்பதற்காக யாரும் உங்களை அறுவைக்கு உட்படுத்த முடியாது.