காற்றோட்டம், வளிமாற்றம்

வென்டிலேஷன் என்பதைத் தமிழில் காற்றோட்டம் என்று எழுதுகிறோம். நல்ல சொல், வன்னியில் வீடு கட்டும் மேசனுக்கும் விளங்கும். ஆனால் வைத்தியசாலை, பாடசாலை, செயலகம் பற்றிய அறிக்கைகளில் அந்த ஒரு சொல்லே எல்லாவற்றையும் சுமக்கும்போது பாதிப் பொருள் விடுபட்டுப் போகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. வென்டுஸ் என்றால் காற்று. அதன் வழிவந்த வென்டிலாரே என்ற வினைக்கு விசிறுதல் என்ற பொருளோடு தானியம் தூற்றுதல் என்ற பொருளும் உண்டு. சிறுபோக நெல்லைச் சோளகக் காற்றில் தூற்றியவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வீசினால் மட்டும் போதாது, பதர் விலகிப் போக வேண்டும்.

அறைக்குள் பதர் என்பது பெரும்பாலும் நாம் விட்ட மூச்சு. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு காபனீரொட்சைட்டு. வெளி வளியிலோ அது மில்லியனுக்குச் சுமார் 420 பங்குதான். மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மக்ஸ் ஃபொன் பெட்டன்கோஃபர், மக்கள் கூடும் அறையில் அது மில்லியனுக்கு 1000 பங்கைத் தாண்டக்கூடாது என்று 1858இல் முன்மொழிந்தார். அந்த அளவில் அந்த வாயு நஞ்சு என்பதல்ல அவர் வாதம். பிறர் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காசநோயும் சின்னமுத்தும் பரவுவது அந்தத் தேங்கிய மூச்சின் வழியாகத்தான்.

இப்போது ஏ-9 வீதியோரம், போருக்குப் பின் எழுந்த அலுவலகம் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். கண்ணாடி யன்னல்கள் அடைத்திருக்கும். சுவரில் குளிரூட்டி ஓடும். காற்றோட்டத்துக்கு என்ன குறை என்று கேட்பார்கள். அந்த வகைக் குளிரூட்டி அறையின் வளியையே இழுத்து, குளிராக்கி, அறைக்கே திருப்பி விடுகிறது. மின்விசிறியும் உள்ளே இருப்பதைத்தான் கலக்குகிறது. காற்று ஓடுகிறது, வளி மாறவில்லை. பிற்பகலில் வரும் தலையிடிக்கும் தூக்கத்துக்கும் மதியச் சோறு மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது.

இலங்கைத் தமிழுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் பாடநூல் வழக்கில் சூழ்ந்திருப்பது வளி, அது அசைந்தால் காற்று. பழந்தமிழில் வளி என்பது வீசும் காற்றையும் குறித்தது. இந்தப் பிரிப்பு பிற்காலத்தது, இருந்தும் பயனுள்ளது. ஆகவே அசைவைச் சொல்லக் காற்றோட்டம், பழைய வளி வெளியேறிப் புதியது வருவதைச் சொல்ல வளிமாற்றம் என்று பிரித்து எழுதலாம். பொறியியலாளர் அளப்பது இரண்டாவதைத்தான்: அறையின் கனவளவுக்குச் சமமான வெளி வளி மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட வழிகாட்டி, வைத்தியசாலையின் பொது விடுதிக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கும் ஒரு நோயாளருக்குச் செக்கனுக்கு 60 லீற்றர் வளி வேண்டும் என்கிறது.

காலதர் என்ற பழஞ்சொல்லையும் விட மனமில்லை. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளை ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது. அதே நூலில் சாளரத்தின் சிறு கண் வழியே வண்டோடு தென்றல் நுழைகிறது. நாம் சொல்லும் யன்னல் போர்த்துக்கேய ஜனேலாவின் திரிபு. அதன் மூலத்துக்குச் சிறு கதவு என்று பொருள். காற்றின் பேச்சே அதில் இல்லை. யன்னலை விட்டுவிடுங்கள் என்று யாரையும் கேட்க மாட்டேன். பூட்டிய யன்னலைக் காலதர் என்று அழைத்துப் பயனும் இல்லை.

அரைச்சுவரும் வலையும் வைத்த பழைய வகுப்பறைகளில் இந்தக் கவலை குறைவு. அங்கே தொல்லை வேறு: சோளகம் அடிக்கும் மாதங்களில் புழுதி. அதற்காக எல்லாப் பக்கமும் அடைத்தால் முதல் சிக்கல் திரும்பி வரும். காற்றடிக்கும் பக்கத்தை மறைத்து, எதிர்ப்பக்கத்தையும் சுவரின் மேல் துவாரங்களையும் திறந்து வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

கட்டட அறிக்கை எழுதுவோருக்கு ஒன்று: தலைப்பில் ‘உள்ளக வளித் தரம்’ என்று போடுங்கள். கீழே ‘காற்றோட்டம் திருப்திகரம்’ என்பதற்குப் பதிலாக, வளிமாற்றம் மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணில் எழுதுங்கள்.