காலநிலை அகதி: சொல் விளக்கம்

கடல் ஏறிவரும் தீவுகளைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் அங்குள்ள சனத்தைக் 'காலநிலை அகதிகள்' என்று சொல்லிவிடுகிறார்கள். வன்னியில் இருக்கிற எங்களுக்கு அகதி என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ஆனாலும் அந்தத் தீவுக்காரருக்கு அது பொருந்துமா என்று பார்க்கவேண்டும்.

அகதி வடமொழி வழி வந்த சொல். கதி என்றால் போக்கிடம், புகலிடம்; முன்னால் 'அ' சேர்ந்தால் அது இல்லாதவர். தனித்தமிழில் ஏதிலி என்று எழுதுகிறார்கள். குறளில் வரும் ஏதிலார் வெறும் அயலார்தான், அந்தச் சொல்லுக்கு இன்று அகதி என்ற பொருள் ஏறியிருக்கிறது. சட்டத்திலும் சிக்கல் உண்டு. 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சி நாட்டைவிட்டு வந்தவர்தான் அகதி, கடல் மட்டம் அதற்குள் வராது. பசிபிக் தீவு நாடான கிரிபாஸை (கிரிபாட்டி) சேர்ந்த ஒருவர் நியூசிலாந்தில் இந்தக் காரணத்தைச் சொல்லி வழக்காடித் தோற்று, 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார்.

சட்டத்தை விடுங்கள், தீவுக்காரரில் பலருக்கே இந்தப் பெயர் பிடிக்கவில்லை. கிரிபாஸின் முன்னாள் சனாதிபதி அனோட்டே டோங் கேட்டது மானத்தோடு குடிபெயரும் வழியை. ஏனென்றால் அங்கே நடப்பது ஓட்டம் இல்லை, வருடக்கணக்கான யோசனை. அலை வந்து வீட்டை விழுங்குவதற்கு முதலே நிலத்தடி நன்னீர் உவராகிறது. இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவில் புலக்கா என்ற சேம்பு வகையை நன்னீர் ஊறும் ஆழத்துக்குக் குழி வெட்டி நடுவார்கள், உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். அதற்காக எல்லோரும் உடனே மூட்டை கட்டுவதில்லை. காணி குடும்பத்துக்குப் பொது, முன்னோரைப் புதைத்த இடம் அங்கே, கிழவர்களை யார் பார்ப்பது, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் சொந்தக்காரர் இருக்கிறார்களா, பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று எல்லாம் பார்த்து ஒருவரை முதலில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் இருந்துவிடுவதும் உண்டு. 2024இல் நடைமுறைக்கு வந்த ஃபலெபிலி ஒப்பந்தப்படி அவுஸ்திரேலியா வருடத்துக்கு 280 துவாலு நாட்டவர்வரை குலுக்கல் முறையில் எடுக்கிறது, போனவர்கள் விரும்பியபடி வந்து போகலாம். திரும்பி வர வழி இருந்தால்தான் போகவே மனம் வரும் என்பது எங்கட சனத்துக்குச் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

முல்லைத்தீவுக் கரையிலும் இந்தக் கணக்கு நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். வள்ளத்தையும் இயந்திரத்தையும் வலையையும் எங்கே வைப்பது, இரவில் யார் காவல் என்பதுதான் கடற்றொழிலாளரின் கேள்வி. வீடு உள்ளே, வாடி (தொழில் சாமான் வைக்கும் கொட்டில்) கரையில் என்று பிரித்து வைத்துச் சமாளிப்பதும் ஒரு முடிவுதான்.

அதனால் சரியான சொல் குடிபெயர்வு என்பேன். குடி என்பதற்குள் வீடு, குடும்பம், ஊர்ச்சனம் மூன்றும் இருக்கிறது, முடிவெடுப்பதும் அந்த மூன்றும்தான். பெயர்தல் நகர்தல். இடம்பெயர்வு எங்கள் வாயில் செல் (எறிகணை) விழ உடுத்த உடுப்போடு ஓடியதைக் குறிக்கும். புயல் ஒரே இரவில் விரட்டிய ஊருக்கு அதை எழுதலாம். புலம்பெயர்ந்தோர் என்றால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட ஆட்கள் என்றே ஆகிவிட்டது, அதை இதற்குள் இழுக்கவேண்டாம். கூடி யோசித்துக் கிளம்புகிறவர்களைக் காலநிலைக் குடிபெயர்வோர் என்று எழுதுங்கள், யோசித்து இருந்துவிட்டவர்களுக்கு இந்தப் பெயர்களில் எதையும் ஒட்டாதீர்கள்.