விளக்கை அணைத்த வீடுகள்

மேட்டூரைத் தாண்டி, கொளத்தூர் பக்கம் என் அம்மாவுக்கு ஊர். வீரப்பன் தேடுதல் நடந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் அம்மாயி ஒன்றைத்தான் சொல்லும்: "ராத்திரி நாய் கொலைச்சா வர்றது காட்டாளா, ஜீப்பான்னு தெரியாது கண்ணு. எதுவா இருந்தாலும் வெளக்க அணைச்சுப்போடுவோம்."

விளக்கை அணைக்கும் வீட்டிலிருந்து போலீசுக்குத் தகவல் எப்படி வரும்? அடக்குமுறை வன்முறையைக் குறைக்குமா, கூட்டுமா என்ற கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிளந்து கிடந்த வடக்கு அயர்லாந்தில் இதை அளந்தே பார்த்தார்கள். 1969 முதல் 1992 வரை பிரிட்டிஷ் அரசு எடுத்த 6 நடவடிக்கைகளை கேரி லாஃப்ரீயும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் அலசினார்கள். அவர்கள் பார்த்தது ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை. நடவடிக்கைக்கு அப்புறம் இடைவெளி நீண்டால் பயம் வேலை செய்கிறது. சுருங்கினால் கோபம் வேலை செய்கிறது. மொத்தத்தில் கோபத்துக்கே சான்று அதிகம். தாக்குதல் குறைந்தது ஒரே ஒரு நடவடிக்கைக்கு அப்புறம்தான்.

1969இல் ராணுவம் வந்து இறங்கியபோது கத்தோலிக்க வீடுகளில் டீ போட்டுக் கொடுத்தார்கள். மறு வருஷம் ஜூலையில் பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் பகுதியில் ஊரடங்கு போட்டு, ஆயுதம் தேடி வீடு வீடாகப் புகுந்தது அதே ராணுவம். துப்பாக்கிகள் கிடைத்தன, உண்மைதான். பொதுமக்களில் 4 பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் பெண்கள் குழந்தை வண்டிகளில் ரொட்டியும் பாலும் வைத்துத் தள்ளிக்கொண்டு, சிப்பாய்களைத் தாண்டி உள்ளே போனார்கள். டீ கொடுத்த தெரு அதோடு கைவிட்டுப் போயிற்று.

1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையில்லாச் சிறை வந்தது. முதல் சுற்றிலேயே 342 பேரைப் பிடித்தார்கள். பட்டியல் பழையது, கத்தோலிக்கர் என்ற ஒரே தரப்பிலிருந்து பிடித்தார்கள், சம்பந்தமே இல்லாதவர்களும் மாட்டினார்கள். அண்ணனை இழுத்துப் போன வீட்டில் தம்பி சும்மா இருப்பானா? அடுத்த ஆண்டு, 1972, அந்த மோதலிலேயே அதிக ரத்தம் சிந்திய ஆண்டு.

சரி, பலித்தது எது? 1972 ஜூலை 31இன் ஆபரேஷன் மோட்டார்மேன். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கத்தோலிக்கத் தரப்புக் குழு ஐஆர்ஏ. ராணுவம் நுழைய முடியாதபடி அதன் பிடியில் இருந்த பகுதிகளில் 20,000க்கும் அதிகமான படையினர் புகுந்து தடுப்பரண்களை அகற்றினார்கள். வருவதை முன்கூட்டியே அறிவித்தார்கள். பத்து நாள் முன்பு ஐஆர்ஏ குண்டுகளில் பெல்ஃபாஸ்டில் 9 பேர் இறந்திருந்தார்கள். சொந்தத் தரப்பிலேயே அதன்மேல் வெறுப்பு எழுந்திருந்தது. படையின் எண்ணிக்கையைவிட அந்த நேரம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

எங்கள் பக்கமும் வீரப்பன் வேட்டை முடிந்தது 2004 அக்டோபர் 18இல், பாப்பாரப்பட்டி அருகே. காவல்துறை சொன்னபடி, அவன் ஏறிய ஆம்புலன்ஸை ஓட்டியவரே மாறுவேடப் போலீஸ்காரர். ஊர் ஊராகச் சலித்த வருஷங்களில் கிடைக்காத ஆள், கூட்டத்துக்குள் ஆள் நுழைந்த பிறகு கிடைத்தான்.