கடல் பொதுச் சொத்துதான், காரை எங்கே நிறுத்துவீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே நாங்கள் ஸ்கூபா வகுப்பு நடத்திவந்த ஒரு சிறிய கரைக்கு மேலே மண்தரை வாகன நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. முதலில் அங்கே கயிறு கட்டினார்கள். பிறகு பாறைக்கற்களை வரிசையாக வைத்தார்கள். இப்போது 'குடியிருப்போருக்கு மட்டும்' என்று பலகை நிற்கிறது. வேறு இடங்களையும் இதே வரிசையில்தான் இழந்தோம். ஒவ்வொரு முறையும் நம் முக்குளிப்பாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் கொதிக்கிறார்கள், மூன்றாம் நாள் வேறு கரையைத் தேடிப் போய்விடுகிறார்கள். பயிற்றுநராக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

அதைவிட எரிச்சலூட்டுவது ஒரு பதில். "கடல் எல்லாருக்கும் பொது, யார் தடுக்க முடியும்?" தயவுசெய்து இதை இனி என்னிடம் சொல்லாதீர்கள். உங்களைக் கடலில் யாரும் தடுக்கவில்லை, மணலிலும் தடுக்கவில்லை. தார்ச்சாலைக்கும் மணலுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிறு துண்டு நிலத்தில்தான் தடுக்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டம், கடலையும், கடல்நீர் வழக்கமாக ஏறும் எல்லையான உயர் நீர்மட்டக் கோடு வரையிலான கரையையும் கடலோரப் பொதுச் சொத்தில் சேர்க்கிறது. அங்கே செல்ல ஒவ்வொருவருக்கும் நியாயமான உரிமை உண்டு என்கிறது. அமைச்சரின் ஒப்புதலின்றி அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் சொல்கிறது. இவ்வளவையும் படித்ததும் நம்மவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது, மேற்கொண்டு படிப்பதில்லை.

மேற்கொண்டு படியுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள நிலம் தனியாருடையது என்றால், அந்த உரிமையைச் சொல்லி நீங்கள் அடுத்தவர் தோட்டத்தைக் கடக்க முடியாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் சட்டம் இன்னொரு ஏற்பாடு செய்திருக்கிறது. கரைக்குச் செல்லும் நிலத்துண்டுகளைக் கடலோர அணுகு நிலம் என்று மாநகராட்சி துணைவிதி மூலம் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தால் அந்த நிலத்தின் மீது பொது வழியுரிமை விழுகிறது, நிலம் யார் கைக்கு மாறினாலும் உரிமை நிற்கிறது. இதற்கு நான்கு ஆண்டு கெடுவும் வைத்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பரில், கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அறிவிக்கப்படாத பாதையை நம் தாத்தா காலத்திலிருந்து நடந்த பாதை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முயலலாம். அதற்கு ஆகும் பணத்தையும் ஆண்டுகளையும் எந்த முக்குளிப்புக் கிளப்பால் தாங்க முடியும்? ஆகவே உங்கள் கரைக்குப் போகும் பாதை பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். அவர்கள் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வாகன நிறுத்துமிடம் கேட்பது சலுகை கேட்பது போல நம்மவர்களே கூச்சப்படுகிறார்கள். அதே கடலோரச் சட்டம், மாநகராட்சி தன் நிதிவசதிக்கு உட்பட்டுப் பொருத்தமான இடங்களில் செய்துதர வேண்டியவற்றைச் சொல்லும்போது கழிப்பறைகளோடு வாகன நிறுத்துமிடங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் தேவையைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது.

என் தொழிலில் வாகனம் நிற்கும் தூரம் உயிர் சம்பந்தப்பட்டது. சிலிண்டர், ஈயக் கட்டிகள், மிதவைச் சட்டை எல்லாம் சேர்ந்தால் ஒருவர் முதுகில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் ஏறும். டர்பன் பிப்ரவரி வெயிலில், ரப்பர் உடைக்குள் வெந்துகொண்டு, அதைச் சுமந்து மேட்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நீரிலிருந்து வெளியே வந்திருக்கிறார், உடலில் கரைந்த நைட்ரஜன் இன்னும் முழுதாக வெளியேறவில்லை. அந்த நேரத்தில் கடுமையாக உழைக்காதீர்கள் என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறோம். பாதை மூடப்பட்டபின் அதைத்தான் செய்யவைக்கிறோம். அவசர ஆக்சிஜன் பெட்டியோ பெரும்பாலும் காரில்தான் இருக்கிறது. கார் அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால் ஆக்சிஜனும் அரைக் கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸும் அந்தக் கற்களுக்கு முன்னால்தான் நிற்கும். மனு எழுதும்போது அழகையும் பொழுதுபோக்கையும் பற்றி இரண்டு வரி போதும், இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள்.

கரையை இழப்பது இங்கே இந்திய வம்சாவளியினரான நமக்குப் புதிதும் இல்லை. ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்து டர்பன் விரிகுடாவின் சாலிஸ்பரி தீவில் மீன்பிடித்து வாழ்ந்த இந்தியக் குடும்பங்களைத் துறைமுக விரிவாக்கமும் போர்க்காலக் கடற்படைத் தளமும் வெளியேற்றின. 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் எந்த மணலில் யார் கால் வைக்கலாம் என்பதை நிறம் பார்த்துப் பிரித்தது. அது நீக்கப்பட்டது 1990இல்தான். அந்தப் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பிப்போன பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் பலகையைப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு காரைத் திருப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டர்பனின் வெட்சஸ் பியரை நம் முக்குளிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப்டன் ஜேம்ஸ் வெட்ச் வரைந்த திட்டப்படி கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட அலைதடுப்பு அது. இன்று மீன்கள் குடியிருக்கும் பாறைத்திட்டு, கரையிலிருந்தே இறங்கலாம். அங்கே சிறுபடகுத் துறைமுகம் அமைக்கும் திட்டம் வந்தபோது முக்குளிப்பாளர்கள் தனியாக நிற்கவில்லை. படகுக்காரர்களும் தூண்டில்காரர்களும் நீச்சல்காரர்களும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். நம் இடத்திலும் அந்தக் கூட்டுதான் தேவை. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மூடப்பட்டபோது திரண்டு போராடிய அனுபவம் தூண்டில்காரர்களிடம் இருக்கிறது. "அவர்கள் தூண்டில் நம் தலைமேல் விழுகிறது" என்ற பழைய சண்டையை இந்த ஒரு காரியத்துக்காகவாவது ஒதுக்கிவையுங்கள்.

அந்தக் கூட்டை ஒரு சங்கமாக்குங்கள். சங்கத்துக்கு அமைப்பு விதி, தலைவர், செயலாளர், வங்கிக்கணக்கு வேண்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு எந்த அலுவலகமும் பதில் எழுதாது. கரைக்கு மேலுள்ள நிலத்தில் கட்டடத் திட்டம் வரும்போது சுற்றுச்சூழல் மதிப்பீட்டுக்குக் கருத்துக் கேட்பார்கள், குறைந்தது 30 நாள் அவகாசம் தருவார்கள். அந்த அறிவிப்பைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பாதிக்கப்படுவோர் பட்டியலில் சங்கத்தின் பெயரைப் பதியுங்கள். புல்டோசர் வந்தபின் போன் செய்யாதீர்கள்! தடுப்பு நிற்பது பொதுச் சாலையா தனியார் சாலையா என்று தெரியாமல் சண்டைக்கும் போகாதீர்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நில அளவைத் தலைமை அலுவலகத்தில் வரைபடம் கிடைக்கும், அதை வாங்கிப் பாருங்கள். பாதையும் நிறுத்துமிடமும் பயன்பாட்டில் இருப்பதைத் தேதியோடு படமெடுத்துச் சேர்த்துவையுங்கள், வெள்ளம் வந்தபின் அணை கட்டிப் பயனில்லை.

வாயிலில் நிற்கும் காவலரை ஏசாதீர்கள், அவர் சம்பளத்துக்கு நிற்கிறார். தடுப்பை வைத்தது யார், அனுமதி எண் என்ன என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நம்மீது இருக்கும் புகார்களில் பாதி உண்மை. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுத்தவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சிலிண்டர்களை உருட்டுகிறோம். வீட்டு வாசலை மறித்துக் காரை நிறுத்துகிறோம். தெருவிலேயே உடை மாற்றுகிறோம். உங்கள் பையன் படிக்கும் நேரத்தில், உங்கள் அம்மா காலையில் கோலம் போடும் வாசலில் இப்படி நடந்தால் நீங்களும் கல்லை வைத்துத்தான் மறிப்பீர்கள். ஒரு காரில் நான்கு பேராக வாருங்கள், சிலிண்டருக்கு அடியில் பழைய பாய் போடுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் வணக்கம் சொல்லிப் பேசுங்கள். மாநகராட்சிக் கூட்டத்தில் நமக்காக எழுந்து பேசப்போகிற குடியிருப்பாளர் ஒருவராவது அந்தத் தெருவில் இருந்தாக வேண்டும்.