பின்கட்டில் கைவைக்கும் முன் குழாயைப் பாருங்கள்

சிங்கப்பூரில் உங்கள் தரைவீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டலாம் என்று கட்டடக் குத்தகையாளரை வரச்சொல்கிறீர்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் முதலில் சுவரைப் பார்க்க மாட்டார். தரையில் மேன்ஹோல் மூடி எங்கே என்று தேடுவார். பழைய பேட்டைகளில் சில வீடுகளின் பின்கட்டுக்கு அடியிலேயே பொதுக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. நிலம் உங்களுடையது, குழாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது.

அதன் அருகே தோண்டுவதும் பைல் (அடித்தளத் தூண்) அடிப்பதும் 1999ஆம் ஆண்டின் கழிவுநீர், வடிகால் சட்டத்துக்குள் வரும். பதிவுபெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ வரைபடம் கொடுத்துக் கழகத்தின் ஒப்புதலை வாங்க வேண்டும். கூடவே, குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேமராவில் பதிவு செய்து தரச் சொல்வார்கள். வேலை தொடங்கும் முன் ஒரு பதிவு, முடிந்த பிறகு ஒன்று.

சக்கரம் வைத்த சின்னக் கேமராவை மேன்ஹோலுக்குள் இறக்கி ஓட்டுவார்கள். திரையின் ஓரத்தில் மீட்டர் கணக்கு ஏறிக்கொண்டே போகும். விரிசல், விலகிய இணைப்பு, உள்ளே நுழைந்த மரவேர் எல்லாம் எத்தனையாவது மீட்டரில் என்று குறித்துக்கொள்வார்கள். வெட்டிச் செலவு என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் அந்த விரிசல் நீங்கள் பைல் அடிப்பதற்கு முன்பே இருந்தது என்று காட்ட முதல் பதிவைவிட நல்ல சாட்சி ஏது?

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இங்கே மழைநீரும் கழிவுநீரும் வேறு வேறு வழியில் போகின்றன. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. குழாய் கசிந்தால் அழுக்கு கால்வாய் வழியே அங்கே போய்ச் சேரலாம். கழிவுநீரோ, கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கம் போன்ற வழிகளில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், ஒரு பகுதி மறுபடி சுத்திகரித்த புதுநீராகத் திரும்புகிறது.

சரி, கட்டட வேலை எதுவும் இல்லை, வெறும் அடைப்புதான் என்றால்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் குழாய் உங்கள் பொறுப்பு. புளோக்கின் பொதுக்குழாய்க்கு நகர மன்றத்தை அழையுங்கள். தரைவீட்டில், வளாகத்தின் கடைசி ஆய்வுத்தொட்டி வரை உங்களுடையது, அதற்கப்பால் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. பிளம்பரைக் கூப்பிடும் முன் அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். கரப்பான் நாலு ஓடும், பரவாயில்லை. தொட்டி காலியாக இருந்தால் அடைப்பு உங்கள் பக்கம். நிரம்பி நின்றால் பெரும்பாலும் பொதுக்குழாயில். அப்போது பிளம்பர் வேண்டாம், கழகத்தின் 24 மணி நேர எண்ணுக்கு அழையுங்கள். அந்தக் குழாயின் பராமரிப்புக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் தண்ணீர் பில்லில் தனியாகக் கட்டுகிறீர்கள்: ஏப்ரல் 2025 முதல், வீடுகளுக்கு முதல் 40 கனமீட்டர் வரை, கனமீட்டருக்கு 1.09 வெள்ளி.